பருத்திப் பூ ஒட்டிய பொங்கல் அட்டை

இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு முன்னால் வாழ்த்து அட்டைகள் கப்பலில்தான் வந்தன. ரோஜாப்பூவும் பூனைக்குட்டியும் தொப்பி போட்ட வெள்ளைக்காரக் குழந்தையும் அச்சடித்த வழவழப்பான அட்டைகள். மதுரையில் பெரிய வியாபாரிகள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவற்றை வாங்கி, உள்ளே தமிழில் ஒரு வரி எழுதி, வேண்டியவர்களுக்குத் தபாலில் அனுப்புவார்கள். சண்டை மூண்டதும் கப்பல் நின்றது, அட்டையும் நின்றது. ஆனால் முதலாளிமார்களுக்கு ஒருவருக்கொருவர் கும்பிடு போட்டுக்கொள்ளாமல் பொழுது போகுமா? அதனால்தான் எனக்கு வேலை கிடைத்தது.

நான் அப்போது பழங்காநத்தத்தில் வாழ்க்கைப்பட்டு இரண்டொரு வருஷம் ஆகியிருந்தது. வீட்டுக்காரருக்குப் பஞ்சாலையில் வேலை. எனக்குப் பிறந்த ஊர் திருமங்கலத்துக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்குள் இருக்கிற ஒரு ஊர். ஊரின் சேரி. அங்கே மிஷன்காரர்கள் ஒரு கூரைப் பள்ளிக்கூடம் வைத்திருந்தார்கள். ஐந்தாவது வரைக்கும் படித்தேன். கிறிஸ்துமஸுக்குக் கோயிலை அலங்கரிக்க எங்களைக் காகிதப் பூ செய்யச் சொல்வார்கள். அங்கே பிடித்த கத்தரிக்கோலைப் பிறகு நான் விடவில்லை. கல்யாணத்துக்கப்புறமும் கலர் தாள் வாங்கி மாலை கட்டி, ஆயுத பூஜைக்கு வண்டிக்காரர்களிடம் விற்றேன்.

அந்த மாலை ஒன்று பழைய ஊருக்குள் ரப்பர் ஸ்டாம்பு கடை வைத்திருந்த ஒரு பாயின் கைக்குப் போனது. வக்கீல்களுக்கும் கடைக்காரர்களுக்கும் ஸ்டாம்பு செய்து கொடுக்கிறவர் அவர். அச்செழுத்தை இடம் வலம் மாற்றிக் கோத்து, அதை இறுகிக் கெட்டிப்படும் ஒரு சாந்து மாவில் பதித்து அச்செடுத்து, ரப்பரை அதன்மேல் வைத்துச் சூடுகாட்டி அழுத்துவார். அவர் வீடு கடைக்குப் பின்கட்டில். அவருடைய மனைவியை நாங்களெல்லாம் பாயம்மா என்று கூப்பிடுவோம். பெருநாளைக்குச் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப அந்தம்மாவே அட்டை வெட்டி, பிறை ஸ்டாம்பு குத்தி, ஓரத்தில் சரிகை நூல் ஒட்டுவார். என் மாலையைப் பார்த்துவிட்டு, இதைச் செய்தவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். போனேன். யார், எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டார். நான் மறைக்கவில்லை. கேட்டுவிட்டு, வீட்டில் எல்லாரும் குடிக்கிற கோப்பையிலேயே எனக்கும் டீ ஊற்றிக் கொடுத்தார். "புள்ள, இம்புட்டுச் சின்ன இதழ எப்படி வெட்டுன?" என்று கேட்டதுதான் அடுத்த பேச்சு.

அப்புறம் இரண்டு பேரும் பின்கட்டில் உட்கார்ந்து அட்டை செய்தோம். பாய் எங்களுக்குப் பானை, கரும்பு, சூரியன், பிறை, விளக்கு என்று சின்னச் சின்ன ஸ்டாம்புகள் வெட்டிக் கொடுத்தார். ரப்பருக்கும் தட்டுப்பாடுதான். பழைய சைக்கிள் டயர், பூட்ஸின் குதிகால் என்று கிடைத்ததிலெல்லாம் வெட்டினார். பசையில் பூச்சி விழாமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் போடுவோம். மை காயும்வரை அட்டைகளைத் தரையெல்லாம் பரப்பி வைத்து, காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொக்கு மாதிரி நடப்போம்.

எல்லாரும் ரோஜாப்பூ கேட்டார்கள். நான் ரோஜாச் செடியைக் கிட்டத்தில் பார்த்ததே மதுரைக்கு வந்த பிறகுதான். எனக்குத் தெரிந்த பூ பருத்திப் பூ. தை மாதம் கரிசலில் மஞ்சளாகப் பூத்து நிற்கும். நடுவில் ரத்தம் கட்டின மாதிரி ஒரு கருஞ்சிவப்பு. அதை ஒரு நாள் வெட்டிப் பார்த்தேன். மஞ்சள் தாளில் அடியில் மட்டும் சிவப்பு மையைத் தொட்டு இழுத்து, இதழை ஒன்றின்மேல் ஒன்று சுருட்டி ஒட்டினேன். பாயம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாய் வெளியே கொண்டுபோய்க் கடைக் கண்ணாடிக்குள் வைத்தார்.

அதைப் பார்த்துத்தான் பஞ்சு வியாபாரி ஒருவர் உள்ளே வந்தார். கரிசல் ஊர்களில் பருத்தி வாங்கி ஆலைகளுக்கு விற்கிறவர். அவருக்குப் பருத்திப் பூ பிடிக்காமல் இருக்குமா? தனக்குப் பருத்தி போடுகிற சம்சாரிகள், பண்ணையார்கள் எல்லாருக்கும் இந்தப் பொங்கலுக்கு இதைத்தான் அனுப்பப்போகிறேன் என்று சொல்லி ஒரு கூடை நிறையக் கேட்டார். மார்கழி முழுக்க அதே வேலை. பானை ஸ்டாம்பு, கரும்பு ஸ்டாம்பு, "பொங்கல் வாழ்த்து" என்ற எழுத்து, மூலையில் என் பூ.

ஒரு அட்டையில் பானை ஸ்டாம்பு சரிந்து விழுந்துவிட்டது. விற்க முடியாது. அந்தச் சமயம் ஊருக்குப் போயிருந்தபோது அதை என் ஆத்தாளிடம் கொடுத்தேன். அவளுக்கு என்னைத் தவிர யாரும் இல்லை. என் அய்யா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். அவள் அந்த ஊர்ப் பெரிய வீட்டில் தொழுவம் கூட்டி, சாணி அள்ளி, பருத்திக் காலத்தில் பருத்தி எடுத்துக் கஞ்சி குடித்தவள். அட்டையை வாங்கி, பூவை விரலால் தொடாமல் மேலே ஊதிப் பார்த்தாள். "நெசப் பூ மாதிரியே இருக்குடி" என்றாள். கூரை ஓலையில் செருகி வைத்துக்கொண்டாள்.

பஞ்சு வியாபாரியின் அட்டை எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுக்கும் வந்திருந்தது. எனக்கு அது தெரியாது. உறை மேல் விலாசம் எழுதுவது அவருடைய குமாஸ்தாவின் வேலை.

இனி நான் சொல்லப்போவதை அமைதியாகச் சொல்லச் சொல்லி எத்தனையோ பேர் எனக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள். எனக்கு முடியாது.

மாட்டுப் பொங்கலன்று காலையில் ஆத்தா தொழுவத்துக்குப் போயிருக்கிறாள். மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். வாசலைப் பெருக்கிக்கொண்டே வந்தவள், முன்பக்கத்து ஜன்னலில் கம்பிகளுக்கு நடுவே அந்த அட்டை நிற்பதைப் பார்த்திருக்கிறாள். மஞ்சள் பூ, சிவப்பு நடு. எவளுக்குத்தான் வாய் சும்மா இருக்கும்? உள்ளே அந்த வீட்டு மருமகள் நின்றிருந்தாள். பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள்.

"தாயி, இது எம் மக செஞ்சது தாயி" என்று சொல்லி, சந்தோஷத்தில், விரலை நீட்டிப் பூவைத் தொட்டுவிட்டாள்.

மருமகள் உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "அத்தை, இவ ஜன்னல்ல கையை வச்சுட்டா."

வீடே வாசலுக்கு வந்தது. மூத்த மகன் வந்தான். இடுக்கியை எடுத்துவந்து அட்டையைக் கவ்வி அடுப்பில் போட்டார்கள். ஜன்னல் கம்பியைச் சாணித் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். சரி, இதெல்லாம் எங்களுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். அப்படியே அவள் திரும்பி வந்திருந்தால் எனக்குச் சொல்லியிருக்கக்கூட மாட்டாள். ஆனால் அந்த வீட்டுப் பெரியம்மா, மருமகளின் மாமியார், கேட்டாளாம், "ஒம் மகளா? மதுரையில இருந்து முதலாளி அனுப்புன கார்டு ஒம் மக செஞ்சதா? பொய்ய பாரு." எல்லாரும் சிரித்திருக்கிறார்கள்.

என் ஆத்தா பொய் சொல்ல மாட்டாள். சொல்லத் தெரியாது. அதனால் என்ன செய்தாள் தெரியுமா? வீட்டுக்கு ஓடினாள். அந்த வயசில், அந்த வெயிலில், ஊரைச் சுற்றிக்கொண்டு சேரிக்கு ஓடி, கூரையில் செருகியிருந்த பானை சரிந்த அட்டையை எடுத்துக்கொண்டு மறுபடி ஓடி வந்தாள். "இந்தா பாருங்க சாமி, எம் மக எனக்குக் குடுத்தது" என்று நீட்டினாள்.

அதுவே வினையாகிவிட்டது. தெருவில் இன்னும் இரண்டு மூன்று வீடுகளுக்கு அதே அட்டை வந்திருந்தது. "எந்த வீட்டு ஜன்னல்ல இருந்துடி எடுத்த?" என்றான் மூத்த மகன். அவள் பதில் சொல்லும் முன்னால் மாட்டை ஓட்டுகிற தார்க்குச்சியை எடுத்துவிட்டான். அன்றைக்கு மாட்டை யாரும் அடிக்க மாட்டார்கள். மாலை போட்டுக் கும்பிடுகிற நாள். கொம்பில் வர்ணம் பூசி நின்ற மாடுகளுக்கு முன்னால் வைத்து, மாட்டுக் குச்சியால், என் ஆத்தாளை அடித்தான். திருடி என்று சொல்லி அடித்தான். அவன் அப்பா பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் மறுநாள் காலையில் ஒரு பொட்டலம் அதிரசத்தோடு பஸ்ஸில் போய் இறங்கினேன். அந்தக் காலத்தில் பெட்ரோல் கிடையாது. பின்னால் கரி அடுப்பு வைத்து ஓட்டுகிற பஸ். இறங்கும்போது மூஞ்சியெல்லாம் கரி. சிரித்துக்கொண்டே குடிசைக்குள் குனிந்தால், ஆத்தா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"என்னாச்சு?"

"தொழுவத்துல வழுக்கி விழுந்துட்டேன். ஒண்ணுமில்ல."

பக்கத்துக் குடிசைக்காரி வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். ஆத்தா அவளை ஏசினாள், வாயை மூடு என்று. நான் ஆத்தாளின் சேலையை விலக்கி முதுகைப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. சேலையை இழுத்து மூடிக்கொண்டு அவளே பேசினாள்.

"அடிச்சதுகூடப் போகட்டும் புள்ள. நாம வாங்காத அடியா. நான் பொய் சொல்றேன்னுட்டாங்கடி. ஒன்ன எம் மக இல்லேங்குற மாதிரி சொல்லிட்டாங்க."

நான் எழுந்து நடந்தேன். பெரிய வீட்டைப் பார்த்துத்தான். கையில் என்ன எடுத்தேன் என்றுகூட நினைவில்லை, உலக்கை என்று பிற்பாடு சொன்னார்கள். சேரி முனையில் எங்கள் ஆட்களே என்னை மறித்துக்கொண்டார்கள். பெண்கள் இடுப்பைக் கட்டிப் பிடித்தார்கள். ஒரு பெரியவர் என் முன்னால் வந்து நின்று சொன்னார், "நீ இன்னைக்குச் சத்தம் போட்டுட்டு பஸ் ஏறிப் போயிருவ தாயி. நாளைக்கு விடிஞ்சா நாங்க அந்தக் காட்டுக்குத்தான் போகணும். எங்கள நெனச்சுப் பாரு."

உலக்கையைக் கீழே போட்டேன். கோபம் மட்டும் இன்னும் கூடியது. அவர்கள்மேல் கோபம் இல்லை. அவர்களை அப்படிப் பேச வைத்தவர்கள்மேல். அன்றைக்கே ஆத்தாளைக் கூட்டிக்கொண்டு அதே கரி பஸ்ஸில் மதுரைக்கு வந்தேன். அவள் கொண்டுவந்தது ஒரு சேலையும் ஒரு செம்பும்தான். அடைக்கோழியை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு வந்ததற்கு வழியெல்லாம் அழுதாள். அடிபட்டதற்கு அவள் அழுது நான் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கடைக்குப் போனேன். பாயம்மாவிடம் சொன்னேன். அவர் கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "யா அல்லாஹ்" என்றார். முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுந்து கடைப்பக்கக் கதவைத் திறந்து பாயைக் கூப்பிட்டார். பாய் நின்றபடியே முழுவதும் கேட்டார். ரொம்ப வருத்தப்பட்டார். தலையைத் தலையை ஆட்டினார். பிறகு சொன்னார், "பெரிய அநியாயம்தாம்மா. ஆனா அந்த முதலாளி காதுக்கு இது போக வேணாம். கடைக்கு அவர்தான் இப்ப எல்லாமே."

"அவர் காதுக்குப் போனா என்ன?" என்றேன்.

"அவருக்கு அந்த ஊர்க்காரங்கதானே பருத்தி தாராங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. டீக்கோப்பையில் வித்தியாசம் பார்க்காத மனுஷர். நல்லவர்தான். நல்லவர்கள் இப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பதால்தானே தார்க்குச்சி எடுத்தவன் தைரியமாக எடுக்கிறான்? இதை நான் அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அவர் கடைக்குள் போய்விட்டார்.

மாசி மாதம் பஞ்சு வியாபாரியே வந்தார். மகள் கல்யாணத்துக்கு நல்ல அட்டையாக வேண்டுமாம். "அந்தப் பருத்திப் பூவே போடுங்க பாய். போன இடமெல்லாம் பேரு" என்று சொல்வது பின்கட்டுவரை கேட்டது. நான் கதவைத் திறந்துகொண்டு முன்னால் வந்தேன். அதுவரை ஒரு நாளும் நான் கடைப்பக்கம் வந்ததில்லை.

"அந்தப் பூ நான் செய்யறதுங்க" என்றேன்.

"அப்படியா? ரொம்ப நல்லா இருக்கும்மா" என்று சிரித்தார்.

ஊர்ப் பேரைச் சொன்னேன். சேரி என்று சொன்னேன். அவருடைய அட்டையைத் தொட்டதற்காக என் ஆத்தாளை என்ன செய்தார்கள் என்று சொன்னேன். அவர் கையில் மாதிரிக்கு எடுத்த அட்டை ஒன்று இருந்தது. நான் சேரி என்று சொன்ன இடத்தில் அவர் அந்த அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டார். மெதுவாகத்தான் வைத்தார், யாரும் குறை சொல்ல முடியாதபடி. விரலை மேல்துண்டில் துடைத்துக்கொண்டார். அது அவருக்கே தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது.

"கஷ்டமாத்தான் இருக்கும்மா. அந்த ஊர் வழக்கம் அப்படி. நான் வியாபாரி, நான் போய் என்னத்தச் சொல்ல?" என்றார்.

மறுநாள் அவருடைய குமாஸ்தா வந்து சொல்லிவிட்டுப் போனார். அட்டை அதே மாதிரி வேண்டுமாம். பருத்திப் பூவும் வேண்டுமாம். பூவை மட்டும் வேறு ஆளை வைத்துச் செய்யச் சொன்னாராம்.

அன்றைக்குப் பாயம்மா போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். "ரப்பர் உங்களோடது. கடை உங்களோடது. கோந்தும் கத்தரியும் என்னோடது. இந்தப் புள்ள பூவ இன்னொருத்தி கையால வெட்டச் சொன்னா நான் ஒரு அட்டைகூட ஒட்ட மாட்டேன். அவரு மக கல்யாணத்துக்கு நீங்களே ஒட்டிக்குங்க" என்றார். பாய்க்கு ஸ்டாம்பு வெட்டத் தெரியும். பசை தடவினால் அட்டை முழுக்க விரல்தான் பதியும். வியாபாரிக்கு வெறும் ஸ்டாம்பு குத்தின அட்டை போனது, பூ இல்லாமல். அதோடு அவர் வருவது நின்றது. பாய் என்னிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

வீட்டில் ஆத்தா தேறி உட்கார ஆரம்பித்திருந்தாள். நான் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் திடீரென்று கேட்டாள்.

"நானும் ஒரு கார்டு தபால்ல போட முடியுமாடி?"

"யாருக்கு?"

"பெரிய வீட்டுக்குத்தான். நீ செஞ்சதுன்னு எழுதிப் போடு. எம் மகதான்னு எழுது."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஒரு வீட்டுக்கு ஏன், அந்தத் தெரு முழுக்கப் போடலாம் என்று எனக்குத் தோன்றியது. அந்தத் தெருவில் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும், அவர்களுடைய தாத்தன் பேர் வரைக்கும். அவர்களுக்கு என் ஆத்தாளின் பேர் தெரியாது. ஏய் என்றுதான் அவளைக் கூப்பிட்டார்கள்.

சேரிக்காரர்கள்மேல் பழி விழுந்துவிடக் கூடாதே என்றுதான் யோசித்தேன். என் வீட்டுக்காரரைப் போய்க் கேட்டுவரச் சொன்னேன். அவர் ஒரு விடுமுறை நாளில் ஊருக்குப் போய் அன்றைக்கு என்னை மறித்த பெரியவரையே பார்த்துக் கேட்டார். பெரியவர், "தபால் மதுரையில இருந்துதான வருது? எங்களுக்கு ஒண்ணுந் தெரியாதுன்னுருவோம். போடச் சொல்லு" என்றாராம்.

அப்புறம் பாயிடம் போனேன். எனக்கு ஒரு ஸ்டாம்பு வேண்டும் என்றேன். என்ன எழுத்து என்று கேட்டார். சொன்னேன்: "இந்தப் பூ, உங்கள் காட்டில் பருத்தி எடுத்தவளின் மகள் கையால் செய்தது."

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். பிறகு அச்செழுத்துப் பெட்டியை இழுத்து ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிக் கோக்க ஆரம்பித்தார். வக்கீல் ஒருவருக்காக எடுத்து வைத்திருந்த நல்ல ரப்பரில்தான் செய்தார். முடித்து என் முன்னால் தள்ளி வைக்கும்போது, "கடைப் பேரு மட்டும் அதுல வேணாம் தாயி" என்றார். அதைக் கேட்டும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் எடுத்துக்கொண்டேன்.

சித்திரை வருஷப் பிறப்புக்கு அனுப்பினோம். மாம்பழ ஸ்டாம்பு, விளக்கு ஸ்டாம்பு, "புது வருஷ வாழ்த்து", மூலையில் பருத்திப் பூ. அடியில் அந்த வரியைக் குத்தியது ஆத்தா. முதலில் மையை அதிகமாக ஒற்றி எழுத்தெல்லாம் கொழகொழவென்று வந்தது. அப்புறம் பிடிபட்டது. ஸ்டாம்பை அழுத்திவிட்டு, எழுத்தைப் படிக்கத் தெரியாதவள், விரலால் காற்றில் தடவிக்கொண்டே, "இதுல மகள்ங்கிறது எங்க இருக்கு?" என்று கேட்டாள். காட்டினேன். ஒவ்வொரு அட்டையிலும் அந்த இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுத்தாள்.

அங்கே நடந்ததைப் பெரியவர் பிறகு சொல்லித் தெரிந்துகொண்டோம். தபால்காரர் வழக்கம்போல முதலில் பெரிய வீட்டில் கொடுத்திருக்கிறார். மருமகள்தான் உறையைக் கிழித்துப் படித்தாளாம். சத்தமாகப் படிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டாளாம். மாமனார் பிடுங்கி, தான் படித்து, கீழே போட்டுவிட்டுக் கையை உதறினாராம். அடுத்தடுத்த வீடுகளிலும் பிரித்துவிட்டார்கள். சேதி தபால்காரரை முந்திக்கொண்டு ஓட, தெருவின் கடைசி வீடுகளில் உறையை வாங்கவே மாட்டோம் என்று அடம்பிடித்திருக்கிறார்கள். வாழ்த்து அட்டையைப் பார்த்துக் கதவைச் சாத்துகிற தெரு! நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்போடு கோபமும் வருகிறது. அன்றைக்கு அந்தத் தெருவில் ஜன்னல் கழுவாத வீடு இல்லையாம்.

வாங்க மறுத்த உறைகள், பின்பக்கம் நான் எழுதியிருந்த எங்கள் பழங்காநத்தத்து விலாசத்துக்கே திரும்பி வந்தன. ஆத்தாளின் குடிசையைப் பெரிய வீட்டு ஆட்கள் அந்த வாரமே பிரித்துப் போட்டார்கள். ஓலையையும் கம்பையும் அடுப்புக்கு எடுத்துப் போனார்கள். சேதி வந்தபோது ஆத்தா, "அம்மிக்கல்லு என்னாச்சு?" என்று மட்டும் கேட்டாள். அது அவள் கல்யாணத்துக்கு வாங்கியது. யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. நான் செய்தது இதற்குத்தானா என்று எனக்கு உள்ளுக்குள் அறுத்தது. ஆனால் தப்பு என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. குடிசையைப் பிரித்தவன்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். நான் ஏன் சொல்ல வேண்டும்?

திரும்பி வந்த அட்டைகளை என் வீட்டுக்காரர் ஆலைக்கு எடுத்துப் போனார். அங்கே வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் எங்களைப் போல ஏதோ ஒரு ஊரின் சேரியிலிருந்து வந்தவர்கள். அவர்கள் அந்த அடி வரியைப் படித்தார்கள், படிக்கத் தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொன்னான். "அண்ணே, எனக்கு ஒண்ணு. எங்க ஆத்தாளுக்கு அனுப்பணும்" என்று ஆரம்பித்தார்கள். எங்கள் தெருக்களுக்குள் தபால்காரர் காலை வைக்க மாட்டார். எல்லையில் நின்று பேரைக் கூவுவார், அதுவும் மனசு வந்தால். அப்படிப்பட்ட தெருக்களுக்கு அந்த வருஷம் ஆடிக்கும் தீபாவளிக்கும் எங்கள் அட்டை போனது. அடி வரியைச் சின்னதாக்கினோம். "பருத்தி எடுத்தவளின் மகள் செய்தது." பாயம்மாவும் நானும் ஆத்தாளும் மூன்று பேராக உட்கார்ந்தும் கை போதவில்லை. பாய் ஒரு நாள் தானாகவே வந்து, கடை விலாசத்தையும் பின்பக்கம் குத்தலாம் என்றார். பாயம்மாதான், "இப்ப வேணுமாக்கும்" என்றார்.

மறு வருஷம் பங்குனியில், பருத்தி வெடித்து நிற்கிற காலத்தில், பெரிய வீட்டு நிலபுலத்தைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டைத் தேடி வந்துவிட்டார். ஊரில் வாலிபப் பிள்ளைகளெல்லாம் ஆலைக்கும் பட்டாளத்துக்கும் போய்விட்டார்கள். பருத்தி எடுக்க ஆள் இல்லை. வெயிலில் நடந்து வந்த மனுஷர் வாசல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, உள்ளே வராமல், சத்தமாகப் பேசினார்.

"பழசயெல்லாம் மனசுல வச்சுக்காத. குடிசைக்குப் புது ஓலை போட்டுத் தாராகளாம். நீ வந்தா ஒன் கூட நாலு பொம்பளைக வருவாளுக. எட்டு நாளா காடு வெள்ளையாக் கெடக்கு."

மாட்டுக் குச்சி எடுத்தவன் மன்னிப்புக் கேட்டானா என்று நான் கேட்டேன். அவர் காது கேளாதவர் மாதிரி என் ஆத்தாளையே பார்த்தார். நான் இன்னும் ஏதேதோ கேட்டேன். எல்லாம் கத்தல்தான். ஆத்தா ஸ்டாம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, ஊரிலிருந்து கொண்டு வந்த செம்பில் பானைத் தண்ணீரை மொண்டு எடுத்துப் போய் அவர் முன்னால் நீட்டினாள்.

"தண்ணி குடிங்க."

அவருக்கு நாக்கு வறண்டுதான் போயிருந்தது. உதட்டை நக்கியதைப் பார்த்தேன். செம்பைப் பார்த்தார். தெருவில் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். கையை நீட்டவில்லை.

"எங் கைத் தண்ணி ஆகாது. அந்தக் கையக் கூப்பிடவா இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்றாள் ஆத்தா. குரலை உயர்த்தவே இல்லை.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்து வெயிலில் நடந்தார். ஆத்தா அந்தச் செம்புத் தண்ணீரைத் தானே அண்ணாந்து குடித்துவிட்டு உள்ளே வந்தாள். நான் அவர் பின்னாலேயே போய் இன்னும் நாலு வார்த்தை கேட்கலாம் என்று படி இறங்கினேன். என் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"விடுடி. ஸ்டாம்புல மை காயுது" என்றாள்.